நீலகிரிச் சரிவில் செயற்கைக்கோளை வைத்து மண்ணீரம் பார்ப்பது எப்படி

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி போகும் வழியில், குஞ்சப்பனைக்குச் சற்று மேலே, கிழக்கு பார்த்த ஒரு சரிவு இருக்கிறது. ஆராய்ச்சி தொடங்கிய வருடம், ஒரு மார்ச் மாதத்து ரேடார் படத்தில் அந்தச் சரிவு மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகத் தெரிந்தது. வெள்ளை என்றால் வலுவான எதிரொலி. ஈரமான மண் வலுவாக எதிரொலிக்கும். சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்கும் மாதத்தில் இங்கே மட்டும் ஈரம் நிற்கிறது, ஏதோ கசிவு இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, வரைபடத்தில் அந்த இடத்துக்கு நீலம் தீட்டிவிட்டு ஈரமானியுடன் கிளம்பினேன்.

கூட வந்தவர் அந்தப் பக்கத்துக் காபித் தோட்டத்தில் முப்பது வருடம் கங்காணியாக இருந்த பெரியவர். நான் காட்டிய இடத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். விரலிடுக்கில் புழுதியாக ஒழுகியது. "ஏங்கண்ணு, இதுக்குப் பேரு ஈரமா?" என்று கேட்டார். கருவியைக் குத்தினேன். 0.08 காட்டியது, அதாவது மண்ணின் கன அளவில் நூற்றுக்கு எட்டு பங்குதான் நீர். பத்து இடத்தில் குத்தியும் 0.1-ஐத் தாண்டவில்லை. படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது ஈரமே இல்லை. அந்தச் சரிவு ரேடாருக்கு நேராக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு வரிசையைக் கைவிடாமல் கடைப்பிடிக்கிறேன். மலைப்பகுதியில் எந்த மைக்ரோவேவ் எண்ணைக் கண்டாலும் முதலில் மலையை விசாரிப்பேன். மலை சொல்லாமல் விட்ட பகுதி ஏதாவது மிஞ்சினால் அதை மண்ணிடம் கேட்பேன். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அந்தப் பிக்சலைத் தூக்கிப் போட்டுவிடுவேன். இந்த வேலையை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த மலை நீலகிரி என்பதால் எல்லா உதாரணமும் அங்கிருந்தே வரும். கொடைக்கானலில் இருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், மலையில் மண்ணீரம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட எண். மண்ணீரத்தை அளக்கவென்றே அனுப்பப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோள் ஸ்மாஸ் 2009 நவம்பர் 2-ஆம் தேதி ஏவப்பட்டது. அதற்கு அடுத்த வாரம்தான் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. எந்தச் சரிவு நீர் குடித்து ஊறிப்போயிருக்கிறது என்று மேலிருந்து சொல்ல முடிந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. தவறாகச் சொன்னால் அதைவிடப் பெரிய தீங்கும் இல்லை.

கருவி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

மைக்ரோவேவ் கருவிகளில் இரண்டு சாதி. ஒன்று, தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளப்பது. அது ரேடார். ஐரோப்பாவின் சென்டினல்-1, நம் நாட்டின் ஈஓஎஸ்-04, 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார் எல்லாம் இந்த வகை. இன்னொன்று, எதையும் அனுப்பாமல் நிலம் தானாக உமிழும் மெல்லிய அலையை மட்டும் வாங்கி அளப்பது. அது ரேடியோமீட்டர். ஸ்மாஸ், 2015 ஜனவரி 31-இல் ஏவப்பட்ட நாசாவின் ஸ்மாப், ஜப்பானின் ஆம்சர்-2 ஆகியவை இந்த வகை. ஸ்மாப்பில் ரேடாரும் இருந்தது. அது 2015 ஜூலையிலேயே நின்றுபோனது, ரேடியோமீட்டர் மட்டும் தொடர்ந்து ஓடியது.

மலை இரண்டு வகையையும் ஏமாற்றும், ஆனால் ஏமாற்றும் விதம் வேறு. ரேடாரில் ஒரு பிக்சல் பத்து இருபது மீட்டர்தான். அங்கே ஒவ்வொரு சரிவும் தனித்தனியாக, கண்ணுக்குத் தெரியும்படி ஏமாற்றும். ரேடியோமீட்டரில் ஒரு கட்டம் 36 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம், தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டுக்கும் நேர்கோட்டில் இடைவெளி ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். வெயில் பொரியும் பாக்குத் தோப்பும் குளிர் நடுக்கும் சோலைக்காடும் ஒரே எண்ணுக்குள் அடைபட்டுவிடும். அங்கே மலை சத்தமில்லாமல் ஏமாற்றும். எண்ணைப் பார்த்தால் ஒழுங்கான எண்ணாகவே இருக்கும்.

உயர மாதிரியைச் சரிசெய்வதில் நேரம் செலவிடுங்கள்

நிலத்தின் உயரங்களைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் கோப்பை எல்லோரும் டெம் என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இந்த வேலையில் பாதித் தவறு டெம்மில்தான் பிறக்கிறது. என் மாணவர்களிடம் இரண்டு நாள் டெம்முக்கே ஒதுக்கச் சொல்வேன்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் அளந்த எஸ்ஆர்டிஎம், கார்ட்டோசாட் படங்களிலிருந்து உருவான கார்ட்டோடெம், டான்டெம்-எக்ஸ் அளவிலிருந்து வந்த கோப்பர்நிகஸ் டெம் ஆகிய மூன்றும் 30 மீட்டர் அளவில் கிடைக்கின்றன. நான் இப்போது கோப்பர்நிகஸைத்தான் எடுக்கிறேன். எதை எடுத்தாலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

சரிவைக் கணக்கிடும் முன் கோப்பை மீட்டர் அளவுள்ள வரைவுமுறைக்கு மாற்றுங்கள். நீலகிரிக்கு யுடிஎம் 43 வடக்கு. அட்சரேகை தீர்க்கரேகையாகவே விட்டுவிட்டால் கிடைமட்டம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருக்கும். மலை முழுக்க 89 டிகிரி சரிவு என்று மென்பொருள் சொல்லும்.

அடுத்தது மரம். ரேடார் வழி எடுத்த டெம் தரையை மட்டும் பார்ப்பதில்லை, மர உச்சியையும் ஓரளவு பார்க்கிறது. கேத்திப் பள்ளத்தாக்கு மாதிரி இடத்தில், கேரட் தோட்டத்தை ஒட்டி இருபது மீட்டர் உயரத் தைலமரத் தோப்பு நிற்கும். அடுத்தடுத்த இரண்டு பிக்சலில் உயரம் 20 மீட்டர் கூடினால், 30 மீட்டர் டெம்மில் அது 34 டிகிரி சரிவு. தரையோ சமமாகக் கிடக்கும். தோப்பின் ஓரங்களில் கோடு போட்டதுபோல் செங்குத்துச் சரிவு தெரிந்தால் அது மலை அல்ல, மரம். அதுவும் எஸ்ஆர்டிஎம் அளந்த தோப்பை இதற்குள் வெட்டியே இருக்கலாம்.

மூன்றாவது, தென்னிந்தியாவில் வேலை செய்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. பெரும்பாலான டெம்கள் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து. செயற்கைக்கோள் தன் கணக்கைப் போடுவதோ பூமியின் கணித நீள்வட்ட உருவத்திலிருந்து. உலகின் பல இடங்களில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு சிறியது. நமக்கு அப்படி இல்லை. உலகிலேயே கடல்மட்டம் மிக ஆழமாகக் குழிந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது, அங்கே குழிவு 100 மீட்டருக்கு மேல். நீலகிரி அந்தக் குழியின் ஓரத்திலேயே இருப்பதால் இங்கும் வேறுபாடு சுமார் 90 மீட்டர் வரும். சொந்தமாக ஒரு டெம்மைக் கொடுத்துவிட்டு இந்தத் திருத்தத்தைப் போட மறந்தால், 38 டிகிரியில் பார்க்கும் ரேடார் படம் தரையில் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து உட்காரும். பத்து மீட்டர் பிக்சலில் அது பத்துப் பன்னிரண்டு பிக்சல். மேட்டின் ஒரு பக்கத்துச் சரிவுக்கு மறுபக்கத்தின் திருத்தம் போய்ச் சேரும். திருத்தாமல் விட்டதைவிட மோசமாகிவிடும். இரண்டு முறை திருத்தினாலும் இதே கதைதான், எதிர்த்திசையில் நகரும். சரிபார்க்க எளிய வழி உண்டு. எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி அணைகளின் கரையோரத்தைப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ரேடாரில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். கரைக்கோடு கறுப்பின் விளிம்பில் உட்கார்ந்தால் சரி.

ரேடாரை வழிக்குக் கொண்டுவருவது

ரேடார் பக்கவாட்டில் பார்க்கிறது, தூரத்தை நேரத்தால் அளக்கிறது. மலை உச்சி அடிவாரத்தைவிடச் செயற்கைக்கோளுக்குக் கிட்டத்தில் இருப்பதால் அதன் எதிரொலி முந்திக்கொண்டு வரும். படத்தில் உச்சி செயற்கைக்கோள் பக்கமாகச் சாய்ந்து விழும். எவ்வளவு சாயும் என்றால், உயரத்தைப் படுகோணத்தின் (அலை செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்து வந்து விழுகிறது என்ற கோணம்) டேன் மதிப்பால் வகுத்த அளவு. 39 டிகிரியில் தொட்டபெட்டாவின் உச்சி 3 கிலோமீட்டருக்கும் மேல் நகரும்.

செயற்கைக்கோளைப் பார்த்த சரிவு இதனால் சுருங்கும். பெரிய பரப்பிலிருந்து வர வேண்டிய எதிரொலி சில பிக்சலுக்குள் குவிந்து வெள்ளையாகும். என்னைக் குஞ்சப்பனைக்கு அனுப்பியது இதுதான். சென்டினல்-1 வலப்பக்கம் பார்க்கும். வடக்கிலிருந்து தெற்காக இறங்கும் பாதையில் அது மேற்கு நோக்கிப் பார்ப்பதால், கிழக்கு பார்த்த சரிவுகள் எல்லாம் அதற்கு முகம் காட்டும். சரிவு படுகோணத்தைவிடச் செங்குத்தாக இருந்தால் உச்சி அடிவாரத்தையே தாண்டி விழுந்து இரண்டும் கலந்துபோகும். கலந்ததைப் பிரிக்க வழியே கிடையாது. மறுபக்கத்துச் சரிவு மிகச் செங்குத்தாக இருந்தால் அங்கே அலையே போகாது, நிழல்தான் விழும்.

எவ்வளவு பெரிய விளைவு என்று பாருங்கள். 39 டிகிரியில் பார்க்கும் ரேடாருக்கு 20 டிகிரி சாய்ந்த முகச்சரிவு, சமதளத்தைவிட மூன்றரை டெசிபலுக்குமேல் பிரகாசமாகத் தெரியும். அதே சாய்வுள்ள முதுகுச்சரிவு மூன்று டெசிபல் மங்கும். ஒரே மண், ஒரே செடி, ஒரே நாள். அதற்குள் ஆறேழு டெசிபல் வித்தியாசம். காய்ந்த வெறும் மண்ணுக்கும் நன்றாக நனைந்த மண்ணுக்கும் இடையில் வரும் வித்தியாசமே இதற்கு மேல் போவது அபூர்வம். மேலே செடி இருந்தால் இன்னும் குறையும். ஆக, திருத்தாத படத்தில் நீங்கள் காண்பது ஈரத்தின் படமே அல்ல, சரிவின் படம்.

இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் சென்டினல்-1 தொகுப்புகளில் பல, பிக்சலை உரிய இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கும். பிரகாசத்தை மட்டும் திருத்தியிருக்காது. 'டெரெயின் கரெக்டட்' என்ற பெயரைப் பார்த்து இரண்டும் முடிந்துவிட்டது என்று நம்பியதுதான் நான் செய்த தவறு. இடத்தைத் திருத்துவது ஒரு வேலை, பிரகாசத்தைத் திருத்துவது வேறு வேலை. இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்நாப் மென்பொருளில் நான் போகும் வரிசை இது: துல்லியமான பாதைக் கோப்பு, வெப்ப இரைச்சல் நீக்கம், பிறகு அளவுத்திருத்தம். எதிரொலியை எந்தப் பரப்பால் வகுப்பது என்பதைப் பொறுத்து பீட்டா-நாட், சிக்மா-நாட், காமா-நாட் என்று மூன்று அளவுகள் உண்டு. அளவுத்திருத்தத்தில் பீட்டா-நாட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழக்கத்தில் சிக்மா-நாட் எடுத்துவிட்டால் அடுத்த படி ஓடாது. அடுத்த படிதான் 'டெரெயின் ஃபிளாட்டனிங்'. ஜூரிச் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்மால் 2011-இல் வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு பிக்சலுக்கும் உண்மையில் எவ்வளவு சரிவுப் பரப்பு ரேடாருக்கு முகம் காட்டியது என்று டெம்மிலிருந்து கூட்டிப் பார்த்து, எதிரொலியை அந்தப் பரப்பால் வகுக்கிறது. வருவது காமா-நாட். அதற்குப் பிறகுதான் படத்தைத் தரையில் உட்காரவைக்கும் திருத்தம். அதிலேயே உச்சி சாய்ந்து கலந்த பகுதிக்கும் நிழலுக்கும் முகமூடிக் கோப்பு (நீக்க வேண்டிய பிக்சல்களைக் குறிக்கும் கோப்பு) எடுத்துக்கொள்ளலாம். அந்த முகமூடியைச் சுற்றி இரண்டு மூன்று பிக்சல் கூடுதலாகவே வெட்டுங்கள், ஓரங்கள் நம்பத்தக்கவை அல்ல.

திருத்தம் சரியாக விழுந்ததா என்று பார்க்க எனக்கு உதவுவது தேயிலை. நீலகிரியில் தேயிலையைக் கவாத்து செய்து, கொழுந்து பறிக்கும் மட்டத்தை மேசை மாதிரி வைத்திருப்பார்கள். அந்த மேசை சரிவோடு சரிவாகச் சாய்ந்திருக்கும். எல்லாத் திசையையும் பார்த்த சரிவுகளில் ஒரே பயிர், கிட்டத்தட்ட ஒரே உயரம். இதைவிட நல்ல சோதனைக் களம் எந்த மலையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தேயிலைப் பிக்சல்களை மட்டும் எடுத்து, கிடைக்கோட்டில் சரிவு பார்க்கும் திசை, செங்கோட்டில் எதிரொலி என்று புள்ளி வையுங்கள். திருத்தும் முன் ஒரு பெரிய அலை தெரியும், கிழக்கில் ஏறி மேற்கில் இறங்கும். திருத்திய பிறகு அந்த அலை படுத்துவிட வேண்டும். படுக்காமல் பாதி நின்றால் டெம் நகர்ந்திருக்கிறது. எதிர்த்திசையில் கவிழ்ந்திருந்தால் அதிகமாகத் திருத்திவிட்டீர்கள், பெரும்பாலும் யாரோ ஒருமுறை ஏற்கெனவே திருத்திய கோப்பாக இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சரிவை இன்னொரு சரிவோடு ஒப்பிட நான் தயங்குவேன். ஒரு சரிவை அதே சரிவின் வேறொரு நாளோடு ஒப்பிடத் தயங்க மாட்டேன். செயற்கைக்கோள் அதே பாதையில் திரும்பி வரும்போது மலையின் கோணம் மாறுவதில்லை. டெசிபலில் எடுத்து இன்றையதிலிருந்து பன்னிரண்டு நாள் முந்தையதைக் கழித்தால் மலை இரண்டிலும் சமமாக இருந்து கழிந்துவிடும். மாறியது மட்டும் மிஞ்சும். ஆனால் ஒரே பாதை எண்ணாக இருக்க வேண்டும். ஏறும் பாதைப் படத்தையும் இறங்கும் பாதைப் படத்தையும் ஒரே வரிசையில் கோர்த்தால் கிழக்குச் சரிவும் மேற்குச் சரிவும் மாறிமாறி நனைந்து காய்வதுபோல் ஒரு பொய்த் தொடர் கிடைக்கும். நைசார் இடப்பக்கம் பார்ப்பதால், சென்டினலுக்கு முதுகு காட்டும் மேற்குச் சரிவுகளை அது இறங்கும் பாதையிலேயே நேராகப் பார்க்கும். முக்குர்த்திப் பக்கத்து மேற்கு விளிம்புக்காக அந்தத் தரவை ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரேடியோமீட்டர்: கண்ணுக்குத் தெரியாத குழப்பம்

இங்கே நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ரேடியோமீட்டர் அளப்பதை ஒளிர்வு வெப்பநிலை என்கிறோம், கெல்வினில் வரும். மண்ணில் ஈரம் கூடினால் அது குறையும். அலை கிடைமட்டமாக ஆடுவது, செங்குத்தாக ஆடுவது என்று இரண்டையும் தனித்தனியே அளக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் தளவிளைவு என்று வரும். ஈரமான வெறும் மண்ணில் இந்த இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். செடி கொடி மூடியிருந்தால் இடைவெளி சுருங்கும். கணக்கிடும் நிரல் இந்த இடைவெளியை வைத்துத்தான் எவ்வளவு செடி, எவ்வளவு ஈரம் என்று பிரிக்கிறது.

மலை இந்த இடைவெளியில்தான் கை வைக்கிறது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கண்கூச்சம் தடுக்கும் போலராய்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊட்டி ஏரிக்கரையில் நில்லுங்கள். தண்ணீரின் பளபளப்பு மறைந்திருக்கும், ஏனென்றால் அது பெரும்பாலும் கிடைமட்டமாக ஆடும் ஒளி, கண்ணாடி அதைத் தடுக்கிறது. இப்போது தலையைத் தோள்பக்கம் முப்பது டிகிரி சாயுங்கள். பளபளப்பில் கால்பங்கு உள்ளே வந்துவிடும். தண்ணீர் மாறவில்லை, உங்கள் கிடைமட்டம் மாறிவிட்டது. பக்கவாட்டில் சாய்ந்த சரிவைப் பார்க்கும் ரேடியோமீட்டருக்கும் இதுவேதான் நடக்கிறது. இங்கே சாய்ந்திருப்பது நிலம்.

எண்ணில் பார்க்கலாம். வழவழப்பான ஈர மண், மின்காப்பு மாறிலி (மண்ணில் ஈரம் கூடக் கூட ஏறும் எண்) 13, வெப்பநிலை 295 கெல்வின். ஸ்மாப் பார்க்கும் 40 டிகிரியில், சமதளமாக இருந்தால் கிடைமட்டத்தில் 172 கெல்வின், செங்குத்தில் 228, இடைவெளி 56. அதே மண்ணைப் பார்வைக் கோட்டுக்குப் பக்கவாட்டில் 20 டிகிரி சாயுங்கள். உள்ளூர்ப் படுகோணம், அதாவது சரிவுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்த கோணம், 44 ஆகிறது, அது பெரிய மாற்றமில்லை. ஆனால் ஆடும் தளம் ஏறக்குறைய 30 டிகிரி திரும்பிவிடுகிறது. கிடைமட்டம் 183-க்கு ஏறுகிறது, செங்குத்து 218-க்கு இறங்குகிறது. இடைவெளி 35. மண்ணில் ஒரு சொட்டு ஈரமும் குறையவில்லை. நிரலோ, செடி வந்து மூடிவிட்டது, மண்ணும் கொஞ்சம் காய்ந்திருக்கிறது என்று படிக்கும்.

முன்னும் பின்னும் சாய்ந்த சரிவுகள் எப்படி? நான் முதலில் அவைதான் பெரிய தொல்லை என்று நினைத்திருந்தேன். கணக்கு வேறு சொன்னது. முகச்சரிவில் உள்ளூர்க் கோணம் 20, முதுகுச்சரிவில் 60. தனித்தனியே பார்த்தால் எண்கள் எங்கோ போகின்றன. ஆனால் முகச்சரிவு ஆன்டெனாவுக்கு அகலமாகத் தெரிகிறது, முதுகுச்சரிவு ஒடுங்கித் தெரிகிறது. அந்த எடையைப் போட்டுச் சராசரி எடுத்தால் சமதளத்து மதிப்புக்கு ஒரு கெல்வின் அளவுக்குள் வந்து நிற்கிறது. முன்பின் சரிவுகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிவிடுகின்றன, பக்கவாட்டுச் சரிவுகள் ஈடுகட்டுவதில்லை. இரண்டு பக்கம் சாய்ந்தாலும் கலப்பு ஒரே மாதிரிதான். எடை போடாமல் வெறும் சராசரி எடுக்கும் நிரலை நம்பாதீர்கள்.

முதுகுச்சரிவில் இன்னொரு சங்கதி. சமதளத்தில் மண் பிரதிபலிப்பது வானத்தை. ஸ்மாஸும் ஸ்மாப்பும் அளக்கும் அலைவரிசையான எல்-பட்டையில் வானம் ஐந்தாறு கெல்வின்தான், மிகக் குளிர். முதுகுச்சரிவிலோ பிரதிபலிக்கும் திசை அடிவானத்தை ஒட்டிப் போகும். அங்கே வானம் இருக்காது, எதிர்மலை இருக்கும். அது 250, 280 கெல்வினில் உமிழ்ந்துகொண்டிருக்கும் மலை. ஈரமான வழுவழுப்பான சரிவு கிடைமட்டத்தில் பாதிக்கும் மேல் பிரதிபலிப்பதால், எதிர்மலையின் சூடு அதில் வந்து விழுந்து ஈரத்தை மறைத்துவிடும். காடும் கரடுமுரடும் இதை மட்டுப்படுத்தும். கேத்தி மாதிரி சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இதை மறக்கக் கூடாது.

வெப்பநிலையும் சேர்ந்து படுத்தும். ஸ்மாப் விடியற்காலை ஆறு மணிக்கு வருகிறது, மண்ணும் செடியும் ஒரே வெப்பத்தில் இருக்கும் நேரம் என்பதால். சமவெளிக்கு அது சரி. மலையில் பொதுவாக ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும் என்று திருத்துவார்கள். ஆனால் தை மாத விடியலில் தலைகுந்தாவில் போய் நின்றவர்களுக்குத் தெரியும், பள்ளத்தில் புல் வெள்ளையாக உறைந்திருக்கும், மேட்டில் அந்த அளவு குளிர் இருக்காது. குளிர்காற்று பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் உயரத்தை வைத்துப் போடும் திருத்தம் தலைகீழாகிவிடும். டிசம்பர், ஜனவரித் தரவை நான் தனியாக வைத்துத்தான் பார்ப்பேன்.

செய்முறைக்கு வருகிறேன். 30 மீட்டர் டெம்மில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சரிவும் அது பார்க்கும் திசையும் எடுங்கள். டெம்மைப் பெரிய கட்டமாகச் சுருக்கிவிட்டுச் சரிவு எடுக்காதீர்கள். மேட்டுப்பாளையம்–தொட்டபெட்டா இடையே சராசரிச் சரிவு ஐந்து டிகிரிதான் வரும், நடந்து ஏறியவர் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். பிறகு:

உள்ளூர்ப் படுகோணத்தின் கொசைன் = (சரிவின் கொசைன் × பார்வைக் கோணத்தின் கொசைன்) + (சரிவின் சைன் × பார்வைக் கோணத்தின் சைன் × திசை வேறுபாட்டின் கொசைன்)

திருப்பக் கோணத்தின் சைன் = (சரிவின் சைன் × திசை வேறுபாட்டின் சைன்) ÷ உள்ளூர்ப் படுகோணத்தின் சைன்

திசை வேறுபாடு என்பது சரிவு பார்க்கும் திசைக்கும் செயற்கைக்கோள் இருக்கும் திசைக்கும் உள்ள கோணம். திருப்பக் கோணம் என்பது அலை ஆடும் தளம் திரும்பும் அளவு. முதல் சூத்திரத்தில் கொசைன் எதிர்மறையாக வந்தால் அந்தப் பிக்சல் செயற்கைக்கோளுக்குத் தெரியவே தெரியாது, நீக்கிவிடுங்கள். மிச்சமுள்ளவற்றுக்கு உள்ளூர்க் கோணத்தில் கிடைமட்டம், செங்குத்து இரண்டுக்கும் உமிழ்திறன் கணக்கிட்டு, திருப்பக் கோணத்தின் சைன் வர்க்க அளவுக்கு இரண்டையும் கலந்து, தெரியும் பரப்பால் எடை போட்டு, 36 கிலோமீட்டர் கட்டம் முழுவதற்கும் சராசரி எடுங்கள். அதே மண்ணைச் சமதளமாக வைத்தும் ஒருமுறை கணக்கிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்தக் கட்டத்தில் மலையின் பங்கு. வெறும் மண்ணில் ஈரம் 0.01 மாறினால் ஒளிர்வு வெப்பநிலை இரண்டு மூன்று கெல்வின் மாறும். மலையின் பங்கு பத்து கெல்வின் வந்தால், ஸ்மாப் தனக்கு வைத்துக்கொண்ட 0.04 என்ற துல்லிய இலக்கை மலை ஒன்றே விழுங்கிவிட்டது என்று பொருள்.

எடை போடும்போது படிக்கட்டு வயல்களை நினைவில் வையுங்கள். டெம் 20 டிகிரி என்று சொல்லும் சரிவில் கேரட்டும் உருளையும் விளையும் பாத்தி ஏறக்குறைய சமமாக இருக்கும், நடுவில் கரைகள் செங்குத்தாக நிற்கும். எல்-பட்டையின் அலைநீளம் 21 சென்டிமீட்டர். அதைவிடப் பல மடங்கு பெரிய சமதளம் எல்லாம் அந்த அலைக்குச் சமதளம்தான். அத்தகைய ஊர்களில் டெம்மின் சரிவை அப்படியே நம்பாமல், நான் படிக்கட்டுப் பகுதிகளைப் படம் பார்த்துக் குறித்துத் தனியாகக் கணக்கிடுகிறேன். சலிப்பான வேலைதான். செய்தால் வித்தியாசம் தெரிகிறது.

கணக்கு எதுவும் போடாமலே மலையின் கையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்மாப்பின் ஆன்டெனா சுழன்றுகொண்டே பார்ப்பதால் ஒரே இடத்தை முன்னால் ஒருமுறையும் கடந்து போன பிறகு பின்னால் திரும்பி ஒருமுறையும் பார்க்கிறது. கட்டத்தில் பதித்த ஒளிர்வு வெப்பநிலைக் கோப்பில் இந்த இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. சமவெளியில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். மலையில் ஒரு பார்வைக்குப் பக்கச்சரிவாக இருப்பது இன்னொரு பார்வைக்கு முகச்சரிவாகிவிடலாம். பல மாதத் தரவில் இந்த வேறுபாடு ஒரே பக்கமாக நிலைத்து நின்றால் அங்கே மலையோ, ஓரமாக ஒரு பெரிய நீர்ப்பரப்போ கை வைக்கிறது. ஈரம் அப்படித் திசை பார்த்து மாறாது.

கோப்போடு வரும் எச்சரிக்கைக் கொடிகளையும் (ஃபிளாக்) திறந்து பாருங்கள். ஸ்மாப்பில் மலைப்பாங்கான நிலம் என்று தனிக் கொடி உண்டு. ஸ்மாஸில் மிதமான மேடுபள்ளம், கடுமையான மேடுபள்ளம் என்று இரண்டு படி. மலையும், சதுரமீட்டருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் நீர் பிடித்த செடிகொடியும் உள்ள இடத்துக்கு ஸ்மாப் தன் துல்லிய இலக்கிலேயே பொறுப்பேற்கவில்லை. நீலகிரியின் மேட்டுப்பகுதியில் இரண்டுமே இருக்கின்றன. அதனால் என் முடிவு நேரடியானது: மேட்டுப்பகுதிக்கு ரேடியோமீட்டரின் மண்ணீர எண்ணை நான் எந்த அறிக்கையிலும் எண்ணாகப் போடுவதில்லை. வடக்கே மசினகுடி, மோயாறு தாண்டிய சமதளத்துக்குப் போடுவேன்.

காலில் மண் படாமல் முடியாது

கடைசியில் தரையில் போய்க் குத்தித்தான் ஆக வேண்டும். ஒரு சரிவுக்கு ஒரு புள்ளி போதாது. தண்ணீர் இறங்கி வருவதால் மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு முறையும் குத்துங்கள். கம்பியைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்குங்கள், வானத்தைப் பார்த்து நேராக அல்ல. முதல் ஐந்து சென்டிமீட்டர் ஈரம்தான் வேண்டும். எதிரும் புதிருமான இரண்டு சரிவுகளை ஒரே காலையில் அளங்கள், செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கு முடிந்த அளவு பக்கத்தில். கைப்பேசியில் உள்ள சாய்வுமானியைப் பலகையில் வைத்துச் சரிவையும் குறித்துக்கொள்ளுங்கள். டெம் சொன்னதோடு அது ஐந்து டிகிரிக்கு மேல் முரண்பட்டால் அந்த இடத்தின் ரேடார் எண்ணையும் சந்தேகப்படுங்கள்.

திருத்தம் எல்லாம் போட்டு, அதே பாதையின் ஒரு மார்ச் படத்தையும் வடகிழக்குப் பருவமழை முடிந்த ஒரு டிசம்பர் படத்தையும் கழித்து, மறுபடி குஞ்சப்பனைக்குப் போனேன். இந்த முறை வரைபடத்தில் நீலமாக வந்தது அந்த முகச்சரிவு இல்லை. அதற்குப் பக்கத்தில் வடக்கு பார்த்த ஒரு மடிப்பு, முதல் படத்தில் சாம்பலாகக் கிடந்த இடம். பெரியவர் அங்கே போகும் முன்பே சொல்லிவிட்டார், "அது ஓடப் பக்கமாச்சே, தை வரைக்கும் காயாது." குத்தியபோது 0.31 காட்டியது.